மூன்றாவது குழியில் வெறும் தண்ணீர்

எங்கள் லேபில் நத்தை என்று ஒருவர் இருக்கிறார். பெயர் நான் வைத்ததுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். என்னைவிட ஒன்பது வயது சின்னவர், அது ஒரு சாக்கு. இப்போது எழுதும்போது கை தானாக 'அவர்' என்று எழுதுகிறது. இது எப்படி மாறியது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டில் எனக்கும் ஒரு பெயர் உண்டு. அண்ணி என்னைக் குடுக்கை என்று கூப்பிடுவார். அவசரக்குடுக்கையின் சுருக்கம். எனக்குப் பதினாலு வயதில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள், என் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, ஊசியோடு மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அன்று வைத்த பெயர் முப்பத்தேழு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொய் சொல்வானேன், பொருத்தமான பெயர்தான்.

எங்கள் லேபில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். எல்லார் மூளையிலும் பிரியான் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. எப்போதாவது யாரோ ஒருவருக்கு அது தப்பாக மடங்கிவிடும். மடங்கினது சும்மா கிடக்காது. பக்கத்தில் இருக்கும் நல்லதைத் தொட்டு, அதையும் தன்னைப்போல மடக்கும். அது இன்னொன்றை மடக்கும். முதலில் மறதி, பிறகு தள்ளாட்டம், பிறகு கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, சில மாதங்களில் ஆள் இல்லை. மருந்து கிடையாது.

அந்த நோய்தானா என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. நோயாளியின் முதுகுத் தண்டில் ஊசி போட்டு எடுத்த நீர், பார்க்கத் தண்ணீர் மாதிரியே தெளிவாக, இரண்டு சின்ன ட்யூப்களில் எங்களுக்கு வரும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் தொண்ணூற்றாறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் நாங்களே தயாரித்த நல்ல புரதத்தையும் ஒரு சாயத்தையும் விட்டு, அதில் நோயாளியின் நீரை ஒரு சொட்டுக்கும் குறைவாகச் சேர்ப்போம். மேலே பசைத்தாள் ஒட்டி மெஷினுக்குள் வைத்தால், அது ஒரு நிமிஷம் உலுக்கும், ஒரு நிமிஷம் சும்மா விடும், அவ்வப்போது வெளிச்சத்தை அளக்கும். இரண்டு நாள் முழுக்க இதே கதைதான். கெட்டது துளியூண்டு இருந்தாலும் போதும், குழியில் இருக்கும் நல்லதெல்லாம் மடங்கி, கட்டி கட்டியாகி, சாயம் ஒளிர ஆரம்பிக்கும். திரையில் கோடு மேலே ஏறும். கெட்டது இல்லையென்றால் கோடு தரையோடு படுத்திருக்கும். ஒரு நோயாளிக்கு நாலு குழி. நாலில் குறைந்தது இரண்டு ஏறினால்தான் நோய் இருக்கிறது என்போம். ஒன்று மட்டும் ஏறினால் மறுபடி முதலிலிருந்து.

தட்டின் இரண்டு ஓரங்களிலும் சரிபார்ப்புக் குழிகள் இருக்கும். இடது ஓரத்தில் மேல் பாதி நிச்சயமாக நோய் உள்ளது, கீழ்ப் பாதி நிச்சயமாக இல்லாதது. வலது ஓரத்தில் அதற்கு நேர் தலைகீழ். எங்கள் பெரிய டாக்டர் போட்டுக் கொடுத்த வரிசை அது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே அழகு.

இந்த அழகில் நத்தை ஒரு மச்சம் வைப்பார். மேல் வரிசையில், இடமிருந்து மூன்றாவது குழி. அதில் புரதம் கிடையாது, சாயம் கிடையாது, வெறும் தண்ணீர்தான். மற்ற குழிகளில் சாயம் இருப்பதால் ஒன்றுமே நடக்காவிட்டாலும் லேசாக ஒரு வெளிச்சம் காட்டும். இந்த ஒரு குழி மட்டும் செத்த பாம்பு மாதிரி சுத்தமாகப் பூஜ்யத்தில் கிடக்கும். இதனால் ஒவ்வொரு தட்டிலும் ஒரு நோயாளிக்கான இடம் வீண். அவர் சேர்ந்த புதிதில் ஏன் இப்படி என்று கேட்டேன்.

"சும்மா ஒரு அடையாளத்துக்கு அக்கா."

"எதுக்கு அடையாளம்? ப்ளேட்டுக்கு மூலை வெட்டியிருக்குல்ல, அது அடையாளம் இல்லையா?"

"இருக்கு. இருந்தாலும்..."

அவ்வளவுதான் பதில். அவருடைய பாதி வாக்கியங்கள் 'இருந்தாலும்' என்பதோடு நின்றுவிடும். "தண்ணிக்கு டெஸ்ட் பண்ற ஒரே ஆள் உலகத்துலயே நீதான்பா" என்று பதினோரு வருஷம் கேலி செய்தேன். நான் நாற்பது நிமிஷத்தில் நிரப்பும் தட்டை அவர் இரண்டரை மணி நேரம் நிரப்புவார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், பட்டியலில் டிக் போடுவார், போட்ட டிக்கையும் ஒரு தடவை பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

அண்ணி தையல்காரர். வீட்டின் முன் அறையில் இரண்டு மெஷின், ஒரு நீள மேசை. அந்த மேசையில் அவர் வெட்டிய துணியை ஒட்டினால் இந்தத் தெருவையே மூடிவிடலாம். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் ரவிக்கைக்கு மூன்று கை தைத்து வைத்திருந்தார். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அடுத்த வாரம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கு இருக்கு?" என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார். அதற்கடுத்த வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஐந்தாவது வாரம் கை திடுக் திடுக்கென்று வெட்டி இழுத்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது என்னை யாரென்று தெரியவில்லை.

பத்தொன்பது வருஷமாக இந்த அறிகுறிகளை விண்ணப்பத் தாளில் மட்டுமே படித்தவள் நான். இப்போது கண்ணால் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் நிதானமான பெண்மணி. அவர் அனுப்பிய முதல் சோதனை வேறொரு இடத்தில் நடந்து, 'நோய் உண்டு' என்ற பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சோதனையை எனக்குத் தெரியும். மூளையின் செல்கள் உடையும்போது கசியும் ஒரு பொருளை அது அளக்கும். கதவு உடைந்திருக்கிறது என்று சொல்லும், உடைத்தது யார் என்று சொல்லாது. டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

"உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குற ஒரு நோய் இருக்கு. அதுவும் பார்க்க இப்படியேதான் இருக்கும். ஆனா அதுக்கு மருந்து இருக்கு, ஆள் எழுந்து நடக்கலாம். அதுக்கான ரத்தப் பரிசோதனை வர பத்து நாள் ஆகும். அது வரைக்கும் காத்திருக்காம மருந்தை டிரிப்ல ஆரம்பிச்சிடறேன். நடுவுல உங்க லேப் ரிசல்ட் வந்துடும். அதுல பிரியான்னு உறுதியாயிட்டா, இதை ஏத்திப் பிரயோஜனம் இல்ல."

அண்ணன் பஸ் டிரைவர். நாள் முழுக்க நூறு பேரை ஏற்றி இறக்கினாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த நோய்தான்னு தெரிஞ்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். சும்மா ஊசி குத்திக்கிட்டே இருக்க வேண்டாம். உனக்குத்தான் முதல்ல தெரியும். என்கிட்ட மறைக்காத."

அண்ணியின் ட்யூப்கள் இரண்டும் திங்கட்கிழமை காலையில் எங்கள் லேபுக்கு வந்தன. வீட்டு ஆளுடைய சோதனையை நாமே செய்யக் கூடாது, அந்தத் தட்டைத் தொடவும் கூடாது. இது எங்கள் விதி. ஆகவே நத்தைதான் செய்ய வேண்டும். உலகத்தில் வேறு யாருமே கிடைக்கவில்லையா என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூண்டில் அடைத்த மாதிரி நடந்தேன். வரிசை முடிகிறது, வெளிச்சத்தில் பார்க்கிறார், டிக், டிக்கைப் பார்க்கிறார். பதினொன்றரைக்குத்தான் மெஷினை ஓடவிட்டார். அண்ணிக்கு இடமிருந்து இரண்டாவது பத்தியில், மேலிருந்து கீழாக முதல் நாலு குழிகள் என்று சுவரில் ஒட்டிய தாளில் இருந்தது.

மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவோடு போனார். மணி பன்னிரண்டே முக்கால். நான் கதவில் என் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், சும்மா பார்க்க. மெஷினின் ஜன்னல் வழியாகத் தட்டின் பசைத்தாள் ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கியிருப்பதுபோலத் தெரிந்தது. தூக்கியிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணில் நீர் நிற்கும்போது எல்லாம்தான் தூக்கித் தெரியும். தூக்கியிருந்தால் குழி காய்ந்துவிடும், சோதனை கெட்டுவிடும், மறுபடி இரண்டு நாள். மெஷினை நிறுத்தினேன், தட்டை வெளியே எடுத்தேன், மேசையில் வைத்து உருளையால் ஓரங்களை அழுத்தினேன், திருப்பி உள்ளே வைத்தேன், ஓடவிட்டேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட இருக்காது. வேகத்தில் எனக்கு யாரும் கிட்ட வரமுடியாது.

செவ்வாய் மத்தியானம் மூன்று மணிக்குக் கோடுகள் கிளம்பின. இரண்டாவது பத்தியில், மேல் நாலு குழிகள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்து, பிறகு நாலாவது. ஏறுகிற கோட்டை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததும் மணியைக் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்று மணியைக் குறிக்கக்கூடத் தோன்றவில்லை.

நத்தை திரைக்கு முன்னால் உட்கார்ந்து தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஏதாவது சொல்லு," என்றேன்.

"முடியட்டும் அக்கா."

"நாலும் ஏறிடுச்சு. இன்னும் என்ன முடியணும்?"

"நாளைக்குப் பதினொன்றரை வரைக்கும் இருக்கு. இருந்தாலும்..."

"உன் 'இருந்தாலும்'ங்கறத நீயே வெச்சுக்கோ! உன் வீட்டு ஆளா இருந்தா இப்படி உட்கார்ந்து தாடையைச் சொறிவியா?"

வாய்க்கு வந்தபடி இன்னும் ஏதேதோ சொன்னேன். அதையெல்லாம் எழுத எனக்குக் கூசுகிறது. நான் மாடிப்படிக்குப் போய் அண்ணனுக்கு போன் செய்தேன். கையெழுத்துப் போட்ட முடிவு வெளியே போகும் முன் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் விதிதான்.

"அண்ணா, ஏறிடுச்சு."

அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்டது. "சரிம்மா. நான் பார்த்துக்கறேன்," என்றான்.

புதன்கிழமை பதினொன்றரைக்கு மெஷின் நின்றது. நான் முடிவைப் பார்க்கப் போகவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? ட்யூப் வைக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். நத்தையே தேடிக்கொண்டு வந்தார்.

"அக்கா, கொஞ்சம் வாங்க. ஒண்ணு காட்டணும்."

திரையில் தொண்ணூற்றாறு சின்னக் கட்டங்கள் இருந்தன. அவர் பென்சிலால் கீழ் வரிசையில், வலமிருந்து மூன்றாவது கட்டத்தைத் தொட்டார். அதில் கோடு சுத்தமாகப் பூஜ்யத்தில் கிடந்தது.

"இது என் தண்ணி," என்றார்.

"உன் தண்ணி மேல் வரிசைலதானே இருக்கும்?"

"ஆமா. முதல்ல அங்கதான் இருந்துச்சு." பென்சில் மேல் வரிசையின் மூன்றாவது கட்டத்துக்குப் போனது. "இங்க பாருங்க, ஆரம்பத்துல பூஜ்யம். அப்புறம் ஒரே தாவலா மேல வந்து மத்த குழிங்க மாதிரி ஆயிடுது. அதே நேரத்துல அங்க கீழ பூஜ்யமாகுது. தண்ணி எப்படிக்கா நடந்து போகும்?"

நான் அந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ப்ளேட் அரை வட்டம் திரும்பியிருக்கு. மெஷினுக்குத் தெரியாது, அது ரெண்டு பக்கமும் வாங்கிக்கும். ஓரத்துல இருக்கற சரிபார்ப்புக் குழியும் திரும்பினா அதே மாதிரிதான் விழும், அதனால எல்லாம் சரியாத்தான் தெரியுது. இந்தத் தண்ணி மட்டும்தான் இடம் மாறிடுச்சு." பென்சிலைக் கீழே வைத்தார். "தாவின நேரம், மெஷின் ஓட ஆரம்பிச்சு ஒண்ணேகால் மணி நேரம். பன்னிரண்டே முக்கால். அப்போ நான் சாப்பிடப் போயிருந்தேன்."

யார் என்று அவர் கேட்கவில்லை. கதவில் என் அட்டை பதிந்திருக்கும், அதையும் பார்த்திருப்பார். போட்ட டிக்கையே மறுபடி பார்ப்பவர் ஆயிற்றே.

"நான்தான்," என்றேன். "ஓரம் தூக்கியிருக்கற மாதிரி இருந்துச்சு. அழுத்திட்டு வெச்சேன். மூலையைப் பார்க்கல."

தலையை ஆட்டினார். கோபம் இருந்ததா என்று முகத்தில் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்போ ஏறினது அண்ணியோடது இல்ல. பதினோராவது பத்தி, கீழ் நாலுல இருக்கற இன்னொருத்தரோடது. அண்ணியோடது..." அவர் காட்டிய இடத்தில் நாலு கோடுகளும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. "இருந்தாலும் இந்த ப்ளேட்டை நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன். ரெண்டாவது ட்யூப் இருக்கு. இன்னைக்கே மறுபடி போடறேன். இவங்களுக்கும், அந்த இன்னொரு நம்பருக்கும்."

"நேத்தே உனக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

"நேத்து சந்தேகம்தான் இருந்துச்சு. நானே தண்ணியை வேற குழியில விட்டிருக்கலாம். பட்டியலை, மெஷின் பதிவை எல்லாம் பார்க்க வேண்டியிருந்துச்சு. 'பொழைச்சுப்பாங்க'ன்னு ஒரு தடவை சொல்லிட்டு, அப்புறம் வந்து இல்லன்னு சொல்ல முடியாதேக்கா."

நான் செய்தது அதற்கு நேர் எதிர். அப்போதுதான் அண்ணனுக்கு போன் செய்தது நினைவுக்கு வந்தது. உடனே அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் தெருவுக்கு ஓடி, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். அந்த டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றதற்காக அவரையும் மனதுக்குள் திட்டினேன். என் அண்ணனும் இப்படித்தானே நிற்பான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அண்ணி இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பாரா, மருந்தை எப்போது நிறுத்தியிருப்பார்கள், ஒருநாள் விட்டுப்போனால் பரவாயில்லையா, எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்த ஒரே விஷயம், அவருக்கு ஏதாவது ஆனால் அது நோயால் அல்ல, என்னால்.

வார்டில் அண்ணி கட்டிலில் படுத்திருந்தார். விரல்கள் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து, இல்லாத ஊசியால் தைத்துக்கொண்டிருந்தன. கையில் குழாய் இருந்தது. மேலே தொங்கிய பையில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணன் ஜன்னல் பக்கத்திலிருந்து எழுந்து வந்தான். கண் வீங்கியிருந்தது.

"நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு. இந்த டாக்டர் விடமாட்டேங்கறாங்க. உங்க லேப்ல இருந்து யாரோ பேசினாராம். நீயே சொல்லிட்ட, அப்புறம் எந்த ஆளு பேசறான்?"

டாக்டரும் அதற்குள் வந்துவிட்டார்.

"நேத்து நாலரை மணிக்கு ஒருத்தர் பேசினார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவுல நான் ஒரு நோயாளியையே பார்த்து முடிச்சுட்டேன். ஆனா தெளிவா சொன்னார். 'நான் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பற வரைக்கும் எங்க லேப்ல இருந்து பதில் வரலைன்னே வெச்சுக்கோங்க. யார் என்ன சொன்னாலும் மருந்தை நிறுத்தாதீங்க.' அதனால உங்க அண்ணன் எழுதிக் கொடுத்ததை ஃபைலுக்கு அடியில போட்டுட்டேன்."

நாலரை மணி. நான் மாடிப்படியில் போன் பேசி முடித்த கையோடு. நான் கத்திவிட்டுப் போனதும் அந்த மனிதர் தாடையைச் சொறிவதை நிறுத்திவிட்டு முதலில் செய்த வேலை இதுதான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர் அவசரப்பட்டிருக்கிறார். அது என் வீட்டுக்காக.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை எடுத்தது, திருப்பி வைத்தது, பார்க்காமல் போன் செய்தது, எதையும் மறைக்கவில்லை. அறைவான் என்று நினைத்தேன். அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது ட்யூபின் முடிவு வந்தது. அண்ணியின் நாலு கோடுகளும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அந்த இன்னொரு நம்பரின் கோடுகள் நாலும் மறுபடி ஏறின. அறுபத்திரண்டு வயது ஆண் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோடுகள் நின்றன. அவருக்கும் யாரோ ஒரு அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். அந்த முடிவை உறைக்குள் வைத்து ஒட்டும்போது, எங்கள் வீடு பிழைத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய டாக்டருக்கு நடந்ததை நானே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாசம் மெஷின் பக்கம் போகக் கூடாது, ட்யூப் வாங்கி வைக்கும் வேலை மட்டும் என்றார். குறைவான தண்டனை என்றுதான் எனக்குப் பட்டது. நத்தை கொடுத்த அறிக்கையில், தப்பு கண்டுபிடிக்கப்பட்டது எப்படி என்ற இடத்தில் அவர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'தண்ணீர்க் குழியால்.' தன் பெயரை எழுதவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் லேபில் எல்லாத் தட்டிலும் மூன்றாவது குழி தண்ணீர்தான்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையும் வந்தது. மருந்து இருக்கிற நோயேதான். அண்ணி உடனே எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. மூன்றாவது வாரம் கை வெட்டி இழுப்பது குறைந்தது. ஆறாவது வாரம் நான் உள்ளே நுழைந்தபோது என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சட்டையில பட்டன் இருக்கா, குடுக்கை?" என்றார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

லேபில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. நத்தையை 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை. "இந்த ட்யூபை எங்க வைக்கணும், சொல்றீங்களா?" என்றேன் ஒருநாள். அவர் பயந்து போய் நிமிர்ந்து பார்த்தார்.

"நீன்னே சொல்லுங்கக்கா. எனக்கு ஏதோ வேலை போயிடுச்சோன்னு தோணுது."

நன்றி என்ற வார்த்தையை மட்டும் சொல்லவே முடியவில்லை. தினமும் காலையில் வாய்வரை வரும். அவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார், அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். திட்டுவதற்கு ஒரு நொடி போதுமாக இருந்த வாய் இது.

ஐந்து மாசம் கழித்து அண்ணியே லேபுக்கு வந்துவிட்டார். அண்ணன் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிவந்தான். வரவேற்பு அறையில் உட்கார்ந்ததும், "அந்த ஆளைக் கூப்பிடு," என்றார். நத்தை வந்து கதவோரம் நின்றார். நன்றி சொல்லப் போகிறார்கள் என்றால் அவருக்குத் தப்பி ஓட வேண்டும்போல இருக்கும். ஆனால் ஓடிப் பழக்கமில்லை.

"இவ எல்லாம் சொன்னா," என்றார் அண்ணி. "துணிக்கு எது நல்ல பக்கம், எது உள்பக்கம்னு குழம்பக் கூடாதுன்னு நான் வெட்டும்போதே உள்பக்கம் சாக்பீஸால ஒரு கீறு போட்டுடுவேன். முதல் நாள் தைக்க வர்ற பொண்ணுக்கே இதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுப்பேன். இவ்வளவு படிச்சவங்க இருக்கற இடத்துல நீங்க ஒருத்தர்தான் கீறு போட்டீங்களா?"

"இப்போ எல்லாரும் போடறாங்க. அடுத்த மாசத்துல இருந்து இவங்களும் போடுவாங்க," என்றார் நத்தை, என்னைக் காட்டி.

அண்ணி பையிலிருந்து டேப்பை எடுத்தார். "உங்களுக்கு ஒரு கோட்டு தைக்கப் போறேன். இப்போ போட்டிருக்கறது தோள்ல தொங்குது, பார்க்க சகிக்கல. நேரா நில்லுங்க. அசையாதீங்க."

"அசைய மாட்டேங்க. அதுக்குத்தானே உங்க நாத்தனார் எனக்கு நத்தைன்னு பேரே வெச்சிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினோரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது! அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்தான்.

அண்ணி அளக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் சீட்டில் எழுதினேன். கையின் நீளத்தை அளந்தார், சொன்னார், மறுபடி அதே கையை அளந்தார்.

"எழுதிட்டேன் அண்ணி."

"இரு. ஒரு தடவை பார்த்தா போதாது."

டேப்பின் நுனியை நத்தையின் தோளில் வைத்து, ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். ஐந்து மாசத்துக்கு முன்னால் போர்வையில் வெட்டி வெட்டி இழுத்த விரல் அது. இப்போது வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நான் அந்த விரலைப் பார்த்தேன், அதற்குக் கீழே கல் மாதிரி அசையாமல் நிற்கும் மனிதரைப் பார்த்தேன். ஐந்து மாசமாக வாய்வரை வந்து திரும்பிய வார்த்தை தானாக வெளியே வந்தது.

"தம்பி, நன்றி."

அவர் வழக்கம்போல ரொம்ப நேரம் யோசித்தார்.

"எதுக்கு அக்கா?"

"தண்ணிக்கு டெஸ்ட் பண்ணதுக்கு."

முதலில் அவர் வயிறு குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பதினோரு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டேப் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"அசையாதீங்கன்னு சொன்னேன்ல!" என்று அதட்டினார் அண்ணி. குனிந்து டேப்பை எடுத்து, என்னிடமிருந்த சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார்.